மச்சான் கலாய்ச்சது டீமையா, பையனையா?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். நான் சிகாகோ பக்கத்துல நேப்பர்வில்ல இருக்கேன். 2004ல எம்எஸ் படிக்க இல்லினாய் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்கு வந்தேன், காலேஜுக்கு அந்தாண்டையே 35வது தெருவுல சிகாகோ வொய்ட் சாக்ஸ் பேஸ்பால் டீமோட ஸ்டேடியம், பசங்கெல்லாம் சீப் டிக்கெட் எடுத்துக்கிட்டு மேல உச்சியில உக்காந்து பார்ப்போம். மறு வருஷமே நாங்க பேஸ்பாலோட பெரிய கப்பான வேர்ல்ட் சீரீஸ் ஜெயிச்சோம், அப்ப பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. என் பையனுக்கு 13 வயசு, அவனும் சாக்ஸ்தான், ஒவ்வொரு மேட்சுக்கும் பென்சில்ல ஸ்கோர்கார்டு எழுதுவான். என் மச்சான், அதாவது மனைவியோட தம்பி, சிகாகோவோட இன்னொரு பேஸ்பால் டீமான கப்ஸுக்கு பக்கா ஃபேன். 2024ல நாங்க 121 மேட்ச் தோத்தோம், அதுல இருந்து ஃபேமிலி வாட்ஸாப் குரூப்ல தினம் காலைல "என்ன அத்தான், நேத்தும் ஊத்திக்கிச்சா?"ன்னு ஒரு மெசேஜ், கூடவே ஒரு மீம். நானும் திருப்பி ஓட்டுவேன், அது வரைக்கும் ஓகே. போன செப்டம்பர் பையன் பர்த்டேக்கு வந்தவன், தோக்கிற டீம் ஃபேன்ஸ் மாட்டிக்கிற மாதிரி ஒரு பிரவுன் பேப்பர் பையில கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டு எடுத்துட்டு வந்து, பையன் தலையில மாட்டி, கேக் முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்து குரூப்லயும் போட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, பையனும் சிரிச்சான். எனக்குப் பொறுக்கல. "உன்னை கம்பெனில கழட்டி விட்டப்போ நாங்க யாராச்சும் உன் தலைல பை மாட்டினோமா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். கேக் கூட சாப்பிடாம குடும்பத்தோட கிளம்பிட்டான். அக்டோபர்ல கப்ஸ் மில்வாக்கிகிட்ட தோத்து வெளிய போனப்போ நானும் குரூப்ல ஒரு மீம் போட்டேன், அவன் குரூப்ப விட்டே போயிட்டான். தீபாவளிக்கும் வரல. பையன் சாக்ஸ் தொப்பிய அலமாரிக்குள்ள வச்சுட்டான், ஸ்கோர்கார்டும் எழுதறதில்ல. "வெறும் கேம்தானே"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கோவப்பட்டது தப்பா? பையனை வேற டீம் பாருடான்னு சொல்லிடவா? பொங்கலுக்கு எல்லாரும் எங்க வீட்ல கூடணும், பேஸ்பால் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு மனைவி சொல்றா, அது சரியா வருமா?

பதில்:

வணக்கம்ங்க. கோவப்பட்டது தப்பே இல்ல. கோவத்துல வாயில வந்தது தப்பு, அதைப் பத்தி கொஞ்சம் தள்ளி விவரமாவே பேசுறேன். அதுக்கு முன்னாடி இந்த "வெறும் கேம்தானே"ங்கற பேச்சை முதல்ல ஓரம் கட்டிடுவோம், ஏன்னா உங்க கடிதத்துல இருக்கிற பாதி வலி அந்த ஒரு வார்த்தையாலதான் வந்திருக்கு, உங்களுக்கு வலிக்கிறதை வலின்னு ஒத்துக்கவே யாரும் தயாரா இல்ல.

பேஸ்பால் பாக்காத வாசகர்களுக்காக ரெண்டு வார்த்தை. இந்த விளையாட்டுல ஒரு டீமுக்கு ஒரு சீசனுக்கு 162 மேட்ச். மார்ச் கடைசில ஆரம்பிச்சா செப்டம்பர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் மேட்ச்தான். வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடுற விளையாட்டுல தோத்தா ஒரு நாள் கேலி, ரெண்டு நாள் கேலி, அதோட அடங்கிடும். இங்க 162ல 121 தோல்வின்னா நாலு நாள்ல மூணு நாள் தோல்வின்னு அர்த்தம், அதுவும் ஆறு மாசத்துக்கு. நடுவுல ஜூலைல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் தொடர்ந்து 21 மேட்ச் தோத்தாங்க. 1962ல புது டீமா வந்த நியூயார்க் மெட்ஸ் 120 தோத்ததுதான் 1900க்கு அப்புறம் இருந்த மோசமான ரெக்கார்டு, 60 வருஷத்துக்கு மேல யாரும் தொடாத அதை சாக்ஸ் தாண்டிட்டாங்க. அப்போ உங்க மச்சானோட அந்தக் காலை மெசேஜ் எத்தனை வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணும் சின்ன ஜோக்குதான், தனித்தனியா பாத்தா எதுக்குமே கோவப்பட முடியாது, ஆனா காலைல காஃபி குடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சீசனா தினமும் ஒரு சின்ன ஜோக்கு வாங்கின ஆளு செப்டம்பர்ல ஒரு பேப்பர் பையைப் பாத்து வெடிச்சதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. இதுல 2025லயும் 102 தோல்வி, 2023ல 101. மூணு வருஷம் தொடர்ந்து நூறைத் தாண்டினா எந்த ஃபேனுக்கும் தோல் கெட்டியாகாது, மெலிசாதான் ஆகும்.

அப்புறம் சிகாகோவுல இது வெறும் ரெண்டு டீம் சமாச்சாரமும் இல்ல. ஒரே ரெட் லைன் ரயில்ல வடக்க அடிசன்ல இறங்கினா கப்ஸோட ரிக்லி ஃபீல்டு, தெக்க 35வது தெருவுல இறங்கினா சாக்ஸ். வடக்குன்னா வசதியான ஏரியா, டூரிஸ்ட் கூட்டம், ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச டீம். தெக்கன்னா மில்லு, கசாப்புத் தொழில்னு உழைச்ச ஜனங்க இருந்த பக்கம். சாக்ஸ் ஃபேனுக்கு எப்பவுமே மனசுல ஒரு ஓரத்துல, இந்த ஊரே நம்மளை ரெண்டாவதாத்தான் வச்சிருக்குன்னு ஒரு ஆதங்கம் இருக்கும், அதுல நியாயமும் இருக்கு. 2016ல கப்ஸ் 108 வருஷம் கழிச்சு ஜெயிச்சப்போ உலகமே கொண்டாடுச்சு, ஆனா 2005ல சாக்ஸ் 88 வருஷம் கழிச்சு ஹூஸ்டனை நாலுக்கு சைபர்னு அடிச்சு ஜெயிச்சதை சிகாகோவுக்கு வெளிய எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்காங்க சொல்லுங்க. நீங்க அந்த வருஷம் அந்தத் தெருவுலயே இருந்திருக்கீங்க. ஊரு புதுசு, குளிரு புதுசு, கைல காசு கிடையாது, அந்த நேரத்துல இது உங்க ஊருன்னு முதல்ல சொன்னது அந்த டீம்தான். அதைப் போய் வெறும் கேம்னு சொன்னா எப்படி இருக்கும், எனக்குப் புரியுது.

உளவியல்ல இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி இருக்கு. 1976ல ராபர்ட் சியால்டினியும் அவர் கூட இருந்தவங்களும் வெளியிட்டது ரொம்பப் பிரபலம். காலேஜ் ஃபுட்பால் டீம் ஜெயிச்சா திங்கக்கிழமை காலேஜ் பேர் போட்ட சட்டைய நிறைய பேர் மாட்டிட்டு வர்றாங்க, மேட்சப் பத்திக் கேட்டா ஜெயிச்சதுக்கு "நாங்க ஜெயிச்சோம்"னும் தோத்ததுக்கு "அவங்க தோத்துட்டாங்க"ன்னும் சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. மனுஷ இயல்பு அது. ஆனா நீங்க "நாங்க 121 மேட்ச் தோத்தோம்"னு எழுதியிருக்கீங்க. தோல்வியையும் சொந்தமா வச்சுக்கிற ஆளு நீங்க. உங்க பையனும் அப்படித்தான் வளர்ந்திருக்கான். இது நல்ல குணம்ங்க, ஆனா இந்தக் குணம் இருக்கிறவங்களுக்குத்தான் கேலி ஆழமா இறங்கும்.

உங்க மச்சான் பக்கமும் கொஞ்சம் பாக்கணும். 2011ல பிரின்ஸ்டன்ல இருந்து வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, மீனா சிகாரா செஞ்சது, நியூயார்க் யாங்கீஸ் ஃபேன்ஸையும் அவங்க பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஃபேன்ஸையும் மூளை ஸ்கேனர்ல படுக்க வச்சு மேட்ச் காட்சிகளைக் காட்டினாங்க. எதிரி டீம் சொதப்பும்போது மூளைல சந்தோஷத்துக்கான இடம் வேலை செய்யுது, அதுவும் தன் டீம்கிட்ட தோக்கணும்னு கூட அவசியம் இல்ல, சம்பந்தமே இல்லாத மூணாவது டீம்கிட்ட தோத்தாலும் அதே சந்தோஷம். அதனால சாக்ஸ் எவன்கிட்டயோ தோத்ததுக்கு மச்சான் குதிச்சது உங்க மேல இருக்கிற வெறுப்புல இல்ல, அதை நீங்க நம்பலாம். ஆனா அதே ஆராய்ச்சில இன்னொண்ணும் இருக்கு. அந்த இடம் யாருக்கு ஜாஸ்தி வேலை செஞ்சுதோ அவங்கதான் எதிரி ஃபேனைத் திட்டுவேன், அவமானப்படுத்துவேன், கை வைப்பேன்னு ஜாஸ்தி சொல்லியிருக்காங்க. டீம் மேல இருக்கிற கேலி ஆளு மேல தாவுறதுக்கு ரொம்ப தூரம் இல்ல. நல்லவங்களுக்கும் தாவும், கூட்டமா சிரிக்க ஆள் இருந்தா சீக்கிரமாவே தாவும்.

இது எங்க வரைக்கும் போகும்னு கப்ஸ் ஃபேன்ஸுக்குத்தான் நல்லா தெரிஞ்சிருக்கணும். 2003 அக்டோபர்ல ரிக்லி ஃபீல்டுல, 1945க்கு அப்புறம் முதல் தடவையா வேர்ல்ட் சீரீஸ் போக இன்னும் அஞ்சே அவுட் பாக்கி, அப்போ கோட்டுக்கு வெளிய கேலரி பக்கம் வந்த ஒரு ஃபவுல் பந்தை அங்க இருந்த பல பேரோட சேர்ந்து ஒரு கப்ஸ் ஃபேனும் பிடிக்கப் பாத்தார், பந்து அவர் கைல பட்டுடுச்சு, கப்ஸ் ஃபீல்டருக்கு கேட்ச் போச்சு, அப்புறம் அந்த இன்னிங்ஸ்ல எதிர் டீம் ஃப்ளோரிடா மார்லின்ஸ் எட்டு ரன் எடுத்தாங்க. எட்டு ரன் விட்டது டீம். ஆனா சொந்த ரசிகர்களே அந்த மனுஷன் மேல பீரை ஊத்தி, குப்பையை எறிஞ்சு, செக்யூரிட்டி வந்துதான் அவரை வெளிய கூட்டிட்டுப் போனாங்க, வீட்டுக்கு போலீஸ் காவல் போட வேண்டி வந்தது, அதுக்கப்புறம் அவர் வெளி உலகத்துக்கே வராம ஒதுங்கிட்டார். அதனால அவர் பேரை நானும் எழுதல. 2017ல கப்ஸ் டீமே அவருக்கு ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம் குடுத்தாங்க. 14 வருஷம் ஆச்சு அதுக்கு.

இப்போ அந்தப் பைக்கு வருவோம். தோக்கிற டீமோட ரசிகர்கள் பேப்பர் பை மாட்டிக்கிறது அமெரிக்காவுல பழைய பழக்கம். 1980ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ஃபுட்பால் டீம் 16ல 15 தோத்தப்போ இது ரொம்பப் பிரபலமாச்சு. ஆனா அதை மாட்டிக்கிறவன் தானா மாட்டிக்கிறான். டீம் ஓனர் கண்ணுல படணும்னு மாட்டிக்கிறான். அது ஒரு ரசிகனோட உரிமை. 2024 செப்டம்பர்ல 120 தோல்வியோட டீம் ஊர் திரும்பினப்போ சாக்ஸ் ஃபேன்ஸே ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபைப் பாத்து "டீமை வித்துடு"ன்னு கத்தினாங்க, ரெக்கார்டு தோல்வியை நேர்ல பாத்துடலாம்னே டிக்கெட் எடுத்து வந்தவங்களும் இருந்தாங்க, டீம் என்னடான்னா ஏஞ்சல்ஸ் டீமை மூணு மேட்சும் ஜெயிச்சுட்டு அப்புறம் டெட்ராய்ட் போய் 121வதை வாங்கிட்டு வந்துச்சு. உங்களுக்கு இதெல்லாம் தெரியும், அந்தக் கூட்டத்துல நீங்களே கூட இருந்திருக்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளைய நாம திட்டலாம், அடுத்த வீட்டுக்காரர் திட்டினா விடுவோமா, அது மாதிரிதான். அந்தப் பையை உங்க பையன் தானா மாட்டிட்டு ஸ்டேடியம் போயிருந்தா நீங்களே போட்டோ எடுத்திருப்பீங்க. இன்னொருத்தர் கை அதை மாட்டி விட்டப்போதான் விஷயமே மாறிடுச்சு.

யார் கைன்னு பாருங்க. தாய்மாமன் கை. நம்ம குடும்பங்கள்ல மச்சானும் அத்தானும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு வேணா ஓட்டிக்கலாம், கல்யாண வீட்டுல ஆரம்பிச்சு காலம் பூரா அந்த லைசன்ஸ் இருக்கு, ஏன்னா ரெண்டு பேருக்கும் திருப்பி அடிக்க வாய் இருக்கு. அந்த லைசன்ஸ் 13 வயசுப் பையன் வரைக்கும் வராது. அவனால மாமாவைத் திருப்பி ஓட்ட முடியுமா? ஓட்டினா பாட்டில இருந்து அம்மா வரைக்கும் "மாமாவை அப்படிப் பேசலாமா"ன்னு வருவாங்க. அதான் அவன் சிரிச்சான். எல்லாரும் சிரிக்கும்போது பிள்ளைங்களுக்கு வேற வழியே கிடையாது, கூட சிரிச்சாத்தான் தப்பிக்க முடியும். அந்தச் சிரிப்பை வச்சு "அவனே சிரிச்சானே, உனக்கென்ன"ன்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா அதைக் காதுல போட்டுக்காதீங்க. அந்த போட்டோ குரூப்ல போனதும் சின்ன விஷயம் இல்ல. ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு வொய்ட் சாக்ஸும் தெரியாது, 121ம் தெரியாது. அவங்க பாத்ததெல்லாம் பர்த்டே கேக் முன்னாடி தலைல பையோட நிக்கிற ஒரு பையனை.

ஆனா எனக்கு உங்க கடிதத்துல அதைவிட உறுத்தினது வேற ஒண்ணு. பையன் தொப்பிய எடுத்து உள்ள வச்சதுக்குக் காரணம் டீம் தோத்த அவமானம்னு நீங்க நினைக்கிறீங்க போல, அதனாலதான் வேற டீம் பாக்கச் சொல்லவான்னு கேக்குறீங்க. கொஞ்சம் பின்னாடி போய் யோசிங்க. 2024ல, உலகமே சிரிச்ச அந்த வருஷத்துல அவன் தொப்பி போட்டுட்டுத்தான் இருந்தான், 21 தோல்வி வரிசையா வந்தப்பவும் பென்சிலும் கையுமா உக்காந்து மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட் ஆகுற ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் கே-ன்னு குறி போட்டுக்கிட்டுத்தான் இருந்தான். தோல்வி அவனை ஒண்ணும் பண்ணல. அவன் நிறுத்தினது பர்த்டேக்கு அப்புறம். அன்னைக்கு அவன் கண்ணு முன்னாடி அப்பாவும் மாமாவும் கத்திக்கிட்டாங்க, மாமா கேக் சாப்பிடாம போனார், தீபாவளிக்கு வரல, அம்மா முகம் வாடியிருக்கு. அந்த வயசுப் பிள்ளைங்க இதை எப்படிக் கூட்டிக் கழிப்பாங்கன்னு எனக்குத் தெரியும், வேலை நிமித்தமா வாரா வாரம் பாக்குறேன். "என் தொப்பியாலதான் வீடு ரெண்டாச்சு"ன்னு நினைச்சுக்குவாங்க. அவன் சாக்ஸை நினைச்சு வெக்கப்படல, உங்க குடும்பத்தை ஒட்ட வைக்கத் தன்கிட்ட இருந்த ஒண்ணை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கான்னுதான் எனக்குத் தோணுது. அதனால வேற டீம் பாருன்னு தயவு செஞ்சு சொல்லிடாதீங்க. சொன்னா அவன் நினைப்பு சரிதான்னு நீங்களே முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்.

சரி, இப்போ நீங்க சொன்ன அந்த வாக்கியம். வேலை போனதை இழுத்தது. மச்சான் விசா என்னன்னு நீங்க எழுதல, ஆனா எச்1பி வேலை விசாவா இருந்தா, வேலை போனதும் வர்ற அந்த 60 நாள் கெடு என்னன்னு இங்க இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம், வேற வேலை கிடைக்கலைன்னா வீடு, பிள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் விட்டுட்டு மூட்டை கட்டணும். கிரீன் கார்டே இருந்தாலும், பொண்டாட்டி பிள்ளை முன்னாடி, அக்கா வீட்ல, பத்துப் பேர் சாப்பிட வந்த இடத்துல அதைக் கேக்கிறது ஒரு ஆம்பளைக்கு என்னவா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பை மாட்டினது யோசிக்காம செஞ்ச மட்டமான ஜோக்கு. நீங்க கேட்டது எங்க அடிச்சா வலிக்கும்னு பாத்து அடிச்சது. எது முதல்ல நடந்துச்சுன்னு கணக்குப் பாத்தா நீங்க ஜெயிப்பீங்க, எது ஆழமா இறங்குச்சுன்னு பாத்தா தோத்துடுவீங்க. அதுக்கு மேல அக்டோபர்ல அந்த மீம் வேற. ஒருத்தன் பேசாம ஒதுங்கி இருக்கிறப்போ போற மீம் கேலி இல்லங்க, காயத்துல விரலை விடுறது.

அதனால நீங்கதான் முதல்ல போகணும். வயசுல பெரியவர்ங்கறதால சொல்லல, உங்க கைல இருக்கிற கடனை அடைச்சாத்தான் அவர்கிட்ட இருக்கிற பாக்கியைக் கேக்க முடியும்ங்கறதால சொல்றேன். மெசேஜ் வேண்டாம், மனைவி மூலமா தூதும் வேண்டாம், பாவம் அவங்க ஏற்கெனவே தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நேர்ல போங்க, முடியலைன்னா ஃபோன் பண்ணுங்க. "உன் வேலை விஷயத்தை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் இழுத்தேன், நான் அப்படிப் பேசியிருக்கவே கூடாது, மன்னிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுங்க. "ஆனா நீயும்"னு ஆரம்பிக்கக் கூடாது. எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் இந்த இடத்துலதான் வழுக்குவாங்க, மன்னிப்பையும் புகாரையும் ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க, கேக்கிறவர் காதுல புகார் மட்டும்தான் விழும். அவர் கோவமா ரெண்டு வார்த்தை சொன்னாலும் வாங்கிக்கோங்க. ஃபோனையே எடுக்கலைன்னா ஒரு வாரம் விட்டு மறுபடி பண்ணுங்க, அப்பவும் எடுக்கலைன்னா அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க, நேப்பர்வில்ல இருந்து எவ்வளவு டிராஃபிக் இருந்தாலும் பரவால்ல.

பையன் விஷயத்தை வேற ஒரு நாள் பேசுங்க, அதே நாள்ல கலக்காதீங்க. அதுல கோவமே வேண்டாம், நடந்ததை அப்படியே சொன்னா போதும். "அன்னைல இருந்து அவன் தொப்பி போடுறதில்ல, ஸ்கோர்கார்டு எழுதறதில்ல. உன்னால என்னை எவ்வளவு வேணா ஓட்ட முடியும், நானும் ஓட்டுவேன், அவனால உன்னைத் திருப்பிப் பேச முடியாதுடா, நீ அவனுக்கு மாமா"ன்னு சொல்லுங்க. அவருக்கு இது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல, ஏன்னா அவர் பாத்தது சிரிச்ச பையனைத்தான். அந்த போட்டோவை எங்க எங்க போட்டாரோ அங்கெல்லாம் எடுத்துடச் சொல்லுங்க. அப்புறம் பையனை அவரே கூப்பிட்டுப் பேசட்டும். அது ரொம்ப முக்கியம். நீங்க எவ்வளவு சொன்னாலும் மாமா வாயால வர்ற மாதிரி ஆகாது.

பையன்கிட்ட நீங்க பேசறதுக்கு மாமா சமாதானம் ஆகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பேசுங்க. உக்கார வச்சு முகத்தைப் பாத்துப் பேசாதீங்க, 13 வயசுல வாயே திறக்க மாட்டாங்க, கார்ல எங்கயாவது கூட்டிட்டுப் போறப்போ பேசுங்க. மாமாவும் நானும் சண்டை போட்டது பெரியவங்க பண்ணின தப்பு, உன்னாலயோ உன் தொப்பியாலயோ இல்ல, நான் மாமாகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்னு நேரடியா சொல்லுங்க. அப்பா மன்னிப்பு கேக்கப் போறார்னு தெரிஞ்சா அவன் நெஞ்சுல இருக்கிற பாதி பாரம் இறங்கிடும். "தொப்பியைப் போடு"ன்னு கட்டாயப்படுத்தாதீங்க, ஸ்கோர்கார்டு ஏன் எழுதலைன்னு தோண்டித் துருவாதீங்க. பேஸ்பாலைப் பத்திப் பேச இஷ்டம் இருந்தா பேச்சு குடுங்க, பந்து போடுற பிட்சர் கேரட் குரோஷேவை பாஸ்டனுக்குக் குடுத்து வாங்கின பசங்க எப்படி வருவாங்க, 2025 ஜூலைல வந்து 20க்கு மேல ஹோம் ரன் அடிச்ச கோல்சன் மாண்ட்கோமரி அடுத்த சீசன் என்ன பண்ணுவான், இதுல எல்லாம் அவனுக்கு உங்களைவிட கூடத் தெரிஞ்சிருக்கும். மார்ச்ல சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும் எழுத மேட்சும் இல்ல, அதனால அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா ஃப்ரெண்ட்ஸை விட்டு ஒதுங்குறான், தூக்கம் சாப்பாடு குறையுது, படிப்புல இறங்குறான்னு தெரிஞ்சா அதை பேஸ்பால்னு நினைச்சு விட்டுடாதீங்க, ஸ்கூல் கவுன்சலர்கிட்ட உடனே பேசிடுங்க.

கடைசியா பொங்கல். பேஸ்பால் பேச்சே கூடாதுன்னு உங்க மனைவி சொல்றது எனக்குப் புரியுது, இன்னொரு தடவை வெடிச்சுடுமோன்னு அவங்களுக்குப் பயம். ஆனா அந்தத் தடை வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க. ரெண்டு வருஷமா தினம் பேசின ஒண்ணை ஒரு நாள் யாரும் தொடலைன்னா அந்த மௌனமே வீட்டை நிறைக்கும், பையனுக்கும் நம்மாலதான் யாரும் பேசலைன்னு தோணும். உங்களுக்கும் மச்சானுக்கும் நடுவுல இருந்த அந்தக் கேலி ஒரு உறவுதான், அதைக் கொன்னுட்டு மரியாதையா "டிராஃபிக் எப்படி இருந்துச்சு"ன்னு பேசிக்கிட்டு இருக்கிறதுல யாருக்கும் லாபம் இல்ல. போப் லியோவையே எடுத்துக்கோங்க, சிகாகோ பக்கத்துல வளர்ந்தவர், சாக்ஸ் ஃபேன், 2005 வேர்ல்ட் சீரீஸ் முதல் மேட்ச்சுக்கு ஸ்டேடியத்துலயே இருந்தவர். அவங்க அம்மா கப்ஸ் ஃபேன்னும் அப்பா செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஃபேன்னும் அவர் அண்ணன் பேட்டில சொன்னார். ஒரே வீட்ல மூணு டீம், ஓடுச்சே குடும்பம். 2025 அக்டோபர்ல கூட்டத்துல யாரோ கப்ஸுக்கு ஜே போட்டப்போ, அவங்க தோத்துட்டாங்கன்னு ஸ்பானிஷ்ல சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்துட்டார். டீமைத்தான் சொன்னார், கத்தின ஆளை ஒண்ணும் சொல்லல, அந்த ஆளும் சிரிச்சிருப்பார்.

அதனால வீட்ல ஒரே ஒரு ஏற்பாடு பண்ணுங்க. ஃபேமிலி குரூப்ல பேஸ்பால் வேண்டாம், அதுல ஊர்ல இருக்கிறவங்களும் பிள்ளைங்களும் இருக்காங்க. உங்களுக்கும் மச்சானுக்கும் மட்டும் தனியா ஒரு சாட் வச்சுக்கோங்க, அதுல எவ்வளவு வேணா ஓட்டிக்கோங்க, டீம், ஓனர், பிட்சர், ஸ்டேடியம் எதையும் விடாதீங்க. வேலை, சம்பளம், உடம்பு, பிள்ளைங்க இது நாலும் அதுல வரக்கூடாதுன்னு ரெண்டு பேரும் வாய் விட்டுப் பேசி முடிவு பண்ணிக்கோங்க. பிள்ளைங்க இருக்கிற இடத்துல யாராவது எல்லை தாண்டினா, "போதும்"னு சொல்ற உரிமை உங்க மனைவிக்கு இருக்கட்டும், அவங்க சொன்னா ரெண்டு பேரும் அந்த நிமிஷமே நிறுத்தணும்.

பையனுக்கும் திருப்பிப் பேச அனுமதி குடுங்க, பெரியவங்க எல்லார் முன்னாடியும் குடுங்க. மாமா சாக்ஸைச் சொன்னா அவன் கப்ஸைச் சொல்லலாம், அது மரியாதைக் குறைவு இல்லன்னு மாமாவே சொல்லணும். சொல்ல அவன்கிட்ட சரக்குக்குப் பஞ்சமே இருக்காது. 1906ல 116 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த கப்ஸை, அந்த வருஷம் லீக்லயே மட்டமான பேட்டிங் ஆவரேஜ் வச்சிருந்த சாக்ஸ் வேர்ல்ட் சீரீஸ்ல தோக்கடிச்சது. 1997ல கப்ஸ் சீசன் ஆரம்பிச்சதுமே முதல் 14 மேட்சையும் வரிசையா தோத்தது. 2012ல அவங்களும் 101 தோத்தது. சாக்ஸ் ஜெயிச்ச 2005, கப்ஸ் ஜெயிச்ச 2016க்கு முன்னாடியே வந்துடுச்சுங்கறது. இதுல ஏதாவது ஒண்ணை பொங்கல் அன்னைக்கு அவன் மாமாகிட்ட எடுத்து விட்டா, நீங்க நடுவுல பூந்து உதவி பண்ணாதீங்க, மாமா என்ன பதில் சொல்றார்னு அவனே பாத்துக்கட்டும்.